பெல்லா துலிப் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

அயோவா மாநிலத்தில் உள்ள பெல்லாவுக்குத் துலிப் பூத் திருவிழா பார்க்க முதல் தடவை நாங்கள் போனபோது ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள். மகளுக்கு 4 வயது. மாநிலத் தலைநகர் டி மோய்னில் இருந்து 45 மைல்தானே என்ற தைரியத்தில் சனிக்கிழமை காலை பத்தரைக்குத்தான் வீட்டைப் பூட்டினோம். ஊருக்குள் நுழைந்து கார் நிறுத்த இடம் தேடவே ஒரு மணி நேரம் போனது. நடந்து போய்ச் சேர்ந்தால், அணிவகுப்பு வரும் தெருவின் இரண்டு ஓரமும் நாற்காலிகளால் நிறைந்திருந்தது. முழங்கால் வலியோடு அம்மா கடைசிவரை நின்றே பார்த்தார். மகளுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. விட்டதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்து ஊரில் தங்கினோம். மறுநாள் ஞாயிறு. கடைத்தெரு சாத்திக் கிடந்தது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, "பரவாயில்லப்பா, பூவெல்லாம் பாத்தாச்சே" என்றார். அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

அடுத்த வருடம் மாமனாரும் மாமியாரும் வந்தபோது ஜனவரியிலேயே திட்டம் போட்டோம். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். இரண்டு பயணத்துக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்னாலேயே தெரிந்திருந்ததுதான் வித்தியாசம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் எங்கே கூட்டிப்போவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். பெல்லா சுற்றுலாவுக்கென்று கட்டிய பூங்கா கிடையாது. அயோவாவில் சுமார் 10,000 பேர் வாழும், டச்சுக்காரர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். வருடத்தில் 3 நாள் தன் தெருக்களை ஊருக்கெல்லாம் திறந்துவிடுகிறது. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் தேர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று தெரிந்தவருக்குத் திண்ணையில் இடம் கிடைக்குமே, இங்கேயும் அதே கணக்குதான்.

1. எந்த நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

திருவிழா மே மாதத்தின் முதல் வியாழன், அதையடுத்த வெள்ளி, சனி. 2026இல் மே 7, 8, 9. மூன்று நாளும் மதியம் ஓர் அணிவகுப்பு, இரவில் விளக்கு அலங்காரத்தோடு இன்னோர் அணிவகுப்பு. நிகழ்ச்சிகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே ஒரு நாள் முழுதாகப் பார்த்தால் போதும்.

அந்த ஒரு நாள் வியாழனாக இருக்கட்டும். அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு போவது உண்மைதான், ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் படும் பாட்டை நினைத்தால் அந்த விடுப்புக்கு மதிப்பு உண்டு. வியாழன் முடியாவிட்டால் வெள்ளி. சனி மட்டும்தான் வாய்க்கும் என்றால் கீழே சொல்லும் நேரங்களில் ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திருவிழா தேதி நாள்காட்டிப்படி வரும், பூ வெயில்படி வரும். ஏப்ரல் சூடாக இருந்தால் மே முதல் வாரத்தில் இதழ்கள் கொட்ட ஆரம்பித்திருக்கும். குளிர் நீடித்தால் பாதி மொட்டாகவே நிற்கும். படம் எடுக்கப் பூ மட்டும் போதும் என்றால் திருவிழாவை விட்டுவிட்டு, ஏப்ரல் கடைசி வாரத்தில் பூத்திருப்பதை விசாரித்துக்கொண்டு ஒரு வாரநாள் மாலை போய்வாருங்கள். கூட்டம் இருக்காது, பார்க்கிங் இலவசமாகக் கிடைக்கும், பாத்திகளைச் சுற்றி நிதானமாக நடக்கலாம். அணிவகுப்பு, நடனம், உடை, சாப்பாடு எல்லாம் வேண்டும் என்றால் திருவிழாவுக்கே போங்கள், பூ எப்படி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. தங்கும் அறை

டி மோய்ன், அதன் புறநகர்கள், ஏம்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அறை தேவையில்லை, காலையில் போய் இரவு திரும்பலாம். ஆனால் இரவு அணிவகுப்பு முடிய மணி பத்தை நெருங்கிவிடும். அதன்பின் ஓட்டுவதற்கு வீட்டில் ஒருவராவது களைப்பில்லாமல் இருக்க வேண்டும். சிகாகோ, மினியாபோலிஸ், ஓமாஹா, கான்சஸ் சிட்டியில் இருந்து வருகிறவர்களுக்கு அறை கட்டாயம் தேவை.

பெல்லாவுக்குள் ஹோட்டல்கள் குறைவு, திருவிழா நாட்களுக்குப் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். முதலில் ஊருக்குள் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆஸ்கலூசா, நாக்ஸ்வில், நியூட்டன் என்று சுற்றியுள்ள ஊர்களைப் பாருங்கள். மூன்றும் முக்கால் மணி நேர ஓட்டத்துக்குள் இருப்பவை. அதுவும் ஆகவில்லை என்றால் டி மோய்ன். அங்கே அறைகள் நிறைய, விலையும் திருவிழாவை வைத்து அவ்வளவாக ஏறாது.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

தேதியை இரண்டு தடவை பாருங்கள். "மே மாத முதல் வாரக்கடைசி" என்று மனக்கணக்குப் போட்டு நாங்கள் ஒரு மோட்டலில் தவறான வாரத்துக்குப் பதிவு செய்துவிட்டோம். மே 1 வெள்ளியிலோ சனியிலோ வரும் வருடங்களில் இந்தக் குழப்பம் வரும். முதல் வியாழன் எது என்று பார்த்துவிட்டு அதிலிருந்து எண்ணுங்கள். அந்த அறையின் பணம் திரும்பி வரவில்லை, ஏனென்றால் சில டாலர் குறைவு என்று ரத்து செய்ய முடியாத கட்டணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ரத்து செய்யக்கூடியதையே எடுங்கள். பெரியவர்களோடு பயணம் போகும்போது உடல்நிலை எப்படி இருக்கும் என்று 4 மாதம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது.

திரையில் காட்டும் விலை முழு விலை இல்லாமல் இருக்கலாம். அயோவாவில் ஹோட்டல் அறைக்கு மாநில வரி 5 சதவீதம். அதற்கு மேல் உள்ளூர் வரி 7 சதவீதம் வரை போகலாம். 150 டாலர் அறைக்கு 18 டாலர் வரை கூடுதலாக வரும் என்று கணக்கில் வையுங்கள்.

அறைக்குள் போகும்போது புகைப்பட அடையாள அட்டையும், பதிவு செய்தவரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டும் கேட்பார்கள். சேதத்துக்கென்று ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைத்துச் சில நாளில் விடுவிப்பது வழக்கம். டெபிட் கார்டு கொடுத்தால் அந்த நாட்களுக்கு உங்கள் சொந்தப் பணமே முடங்கும். புதிதாக வந்து இன்னும் கிரெடிட் கார்டு கிடைக்காதவர்கள், டெபிட் கார்டை ஏற்பார்களா என்று போனில் கேட்டு உறுதி செய்த பிறகு பதிவு செய்யுங்கள்.

3. எதற்கு டிக்கெட், எது இலவசம்

திருவிழாவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. தெருவோரம் உட்கார்ந்து அணிவகுப்பைப் பார்ப்பது இலவசம். பூங்காவும் துலிப் பாத்திகளும் இலவசம். மணி அடிக்கும்போது பொம்மைகள் ஆடும் குளோக்கன்ஸ்பெல் கோபுரமும் இலவசம்.

டிக்கெட் தேவைப்படுவது, அணிவகுப்பைப் படிக்கட்டு இருக்கைகளில் உட்கார்ந்து பார்க்கும் கிராண்ட்ஸ்டாண்டுக்கு. காற்றாலையும் பழைய கட்டடங்களும் உள்ள வரலாற்றுக் கிராமத்துக்குத் தனிக் கட்டணம். மேடை நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கும் டிக்கெட் உண்டு.

கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட் வாங்கலாமா? வெகுநேரம் முன்னால் போய் இடம் பிடிக்க முடியாதவர்கள் வாங்குங்கள். இடம் நிச்சயம், மேடை நிகழ்ச்சியும் தெரியும். ஆனால் படிகளில் ஏறி உட்கார வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்குத் தெருவோரத்தில் சொந்த மடக்கு நாற்காலியே சுகம். என் மாமியாருக்கு நாற்காலிதான் ஒத்துவந்தது. சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், அன்று போய்க் கேட்டால் ஏற்பாடு செய்வது கடினம்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு நாள் உலாவுக்கு எதற்குக் காகிதம் என்று தோன்றலாம். ஆனாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

18 வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாத எல்லோரும் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு அந்த அட்டை. வேலை விசாவிலோ, மாணவர் விசாவிலோ, சுற்றுலா விசாவிலோ இருப்பவர்களுக்கு, நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு. நம் பெற்றோர் பெரும்பாலும் இதை அறியமாட்டார்கள். அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைக் காவல் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து, நாட்டுக்குள் ஏற்கெனவே வந்தவர்கள் ஐ-94ஐ இலவசமாக எடுக்கலாம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் சில இதற்கே பணம் கேட்கும், கொடுக்காதீர்கள். அச்செடுத்து, பாஸ்போர்ட் நகலோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா, அப்பா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். உங்கள் பையில் மொத்தமாக இருந்தால், கூட்டத்தில் பிரிந்துபோகும்போது அவர்களிடம் எதுவும் இருக்காது.

அதே உறையில் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல், அவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், உங்கள் போன் எண் எழுதிய ஒரு சீட்டு. இங்கே போன் இணைப்பு இல்லாத பெரியவர்களுக்கு அந்தச் சீட்டு ரொம்ப முக்கியம். குழந்தையின் சட்டைப்பையிலும் ஒன்று வையுங்கள்.

ஓட்டுபவரிடம் உரிமம், கார் பதிவு, காப்பீட்டுச் சான்று. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும். 25 வயதுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் நாளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு.

5. கார், சாலை, நிறுத்துமிடம்

பெல்லாவுக்கு ரயில் கிடையாது. கார்தான் வழி. டி மோய்னில் இருந்து 163ஆம் நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விடும், நான்கு வழிச் சாலை, சாதாரண நாளில் 50 நிமிடம். போகவர 90 மைல். காலனுக்கு 25 மைல் ஓடும் கார் என்றால் 4 காலன் பெட்ரோல்கூட ஆகாது.

குழந்தை இருக்கை இல்லாமல் கிளம்பவே கூடாது. அயோவா சட்டப்படி 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதற்குரிய இருக்கை வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட, 20 பவுண்டுக்குக் குறைவான குழந்தை என்றால் பின்பக்கம் பார்த்த இருக்கை. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்போடு சொல்வதுதான், ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டும்போது கையில் போன் எடுப்பதும் இப்போது அயோவாவில் சட்டவிரோதம். 2026 ஜனவரி முதல் அதற்கு 100 டாலர் அபராதம். வழிகாட்டியைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

காலை 9 மணிக்கு ஊருக்குள் இருங்கள். நடுப்பூங்காவுக்கு இரண்டு மூன்று தெரு தள்ளி, வீடுகள் இருக்கும் பகுதியில் அந்த நேரத்துக்கு இடம் கிடைக்கும். பலகைகளை முழுக்கப் படியுங்கள், அணிவகுப்புக்காக அடைக்கப்படும் தெருக்களில் தவறி நிறுத்தினால் காரை இழுத்துப்போக வாய்ப்பு உண்டு. தாமதமாகப் போன முதல் வருடம் ஒரு வீட்டு முற்றத்தில் 10 டாலர் கொடுத்து நிறுத்தினோம். அவர்கள் ரொக்கம் மட்டும்தான் வாங்கினார்கள். ஆகவே 5, 10 டாலர் நோட்டுகளாக ஒரு 60 டாலரும், கொஞ்சம் கால் டாலர் நாணயங்களும் கையில் இருக்கட்டும்.

நிறுத்தியதும் காரைத் தெருப்பெயர்ப் பலகையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் எல்லாத் தெருவும் ஒன்றுபோலவே இருக்கும்.

6. அன்றைய பொழுது, மணிவாரியாக

காலை 9 மணி: காரில் இருந்து எடுக்கும் முதல் பொருள் மடக்கு நாற்காலிகள். மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். நடுப்பூங்காவைச் சுற்றிய தெருக்களில் அணிவகுப்புப் பாதையை அன்றைய வரைபடத்தில் பார்த்து, ஓரமாக நாற்காலியையோ போர்வையையோ போட்டு வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், போட்ட நாற்காலியை யாரும் நகர்த்துவதில்லை. மதியம் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று யோசித்துப் போடுங்கள். மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும் பக்கத்தைத் தவிருங்கள். கழிப்பறை எங்கே என்றும் இப்போதே பார்த்து வையுங்கள்.

9.30: நேராக பேக்கரி வரிசை. காரணத்தைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

10.15: வரலாற்றுக் கிராமமும் வெர்மீர் காற்றாலையும். கூட்டம் சேரும் முன்னால் இதை முடித்துவிட வேண்டும். காற்றாலையை நெதர்லாந்தில் செய்து, பிரித்துக் கொண்டுவந்து 2002இல் இங்கே நிறுத்தினார்கள். 120 அடிக்கு மேல் உயரம். அலங்காரத்துக்கு நிற்பதல்ல, காற்றிருந்தால் நிஜமாகவே கோதுமை அரைக்கும். அரைத்த மாவை அங்கேயே விற்கிறார்கள். பல் சக்கரங்கள் எல்லாம் மரம். என் மாமனார் ஊரில் ரைஸ்மில் நடத்தியவர், அந்தச் சக்கரங்களின் முன்னால் இருந்து அவரைக் கிளப்ப எங்களால் முடியவில்லை. படி ஏற முடியாதவர்களுக்கு எதுவரை போக முடியும் என்று டிக்கெட் வாங்கும் இடத்தில் கேளுங்கள். கீழேயே சின்னதாகச் செய்த டச்சு கிராம மாதிரி ஒன்று இருக்கிறது, குழந்தைகளுக்கு அது போதும். கிராமத்துக்குள் மரச்செருப்பு செதுக்குவதையும் பார்க்கலாம். மேற்கத்தியக் காலத்துச் சட்ட அதிகாரி வையாட் எர்ப் சிறுவயதில் வாழ்ந்த வீடும் இங்கேதான்.

மதியம் 1 மணி: குளோக்கன்ஸ்பெல். வரலாற்றுக் கிராமத்துக்குப் பக்கத்தில், ஃபிராங்க்ளின் தெருவில் இருக்கிறது. 11, 1, 3, 5 மணிக்கு மணிகள் ஒலிக்க, ஜன்னல்கள் திறந்து பொம்மைகள் வரும். சில நிமிடம்தான், ஆனால் குழந்தைகள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். 5 நிமிடம் முன்னால் போனால் போதும்.

1.45: உங்கள் நாற்காலிக்குத் திரும்பிவிடுங்கள். அணிவகுப்பு இரண்டரை மணி அளவில்தான், ஆனால் அதற்கு முன்னால் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஊர்த்தலைவராக வேடமிட்டவர் வந்து தெருவைப் பார்வையிட்டு, அழுக்காக இருக்கிறது என்று அறிவிப்பார். உடனே டச்சு உடையில் பெரியவர்களும் சிறுவர்களும் வாளியும் துடைப்பமுமாக இறங்கித் தெருவைக் கழுவுவார்கள். மார்கழிக் காலையில் வாசல் தெளித்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் மேலும் தெறிக்கும், கேமராவை மூடி வையுங்கள். அதன்பின் துலிப் அரசியும் தோழியரும், இசைக்குழுக்கள், மரச்செருப்பில் ஆடும் பள்ளிப் பிள்ளைகள், பூ அலங்கார வண்டிகள். தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் கட்டைச் செருப்போடு மூன்று வயதுக் குழந்தைகூட நடந்து வரும். அந்த உடைகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே தைக்கிறார்கள், பாட்டி போட்டது பேத்திக்கு வருகிறது.

மாலை 5 முதல் 7 வரை குழந்தைகளை ஓய்வெடுக்க விடுங்கள். மோலென்கிராக்ட் வாய்க்கால் ஓரம் உட்காரலாம். அல்லது சங்கன் கார்டன்ஸ் பூங்காவுக்குப் போகலாம். அங்கே குளமே மரச்செருப்பு வடிவில் இருக்கும், பக்கத்தில் சின்னக் காற்றாலை ஒன்று. படம் எடுக்க அருமையான இடம். பாத்திக்குள் காலை வைக்காதீர்கள், ஒரு பூவைக்கூடப் பறிக்காதீர்கள். தலையில் வைத்துக்கொள்ளும் ஆசை நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு வரும். முன்பே சொல்லி வையுங்கள்.

இரவு எட்டரை அளவில் விளக்கு அணிவகுப்பு. மதியம் பார்த்த அதே வண்டிகள்தான், ஆனால் ஒளியில் வேறாகத் தெரியும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தூங்கிவிடும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மதியத்தைத் தேர்ந்தெடுங்கள், தெரு கழுவுவதை இழக்காமல் இருக்கலாம்.

7. சாப்பாடு: சைவக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்

பெல்லாவின் பெயர்போன பண்டம் டச் லெட்டர். எஸ் எழுத்து வடிவில், மொறுமொறுப்பான அடுக்கு மாவுக்குள் பாதாம் விழுது வைத்துச் சுட்டது. வெண்ணெயும் முட்டையும் சேரும். 1898இல் தொடங்கிய யார்ஸ்மா பேக்கரியிலும், பக்கத்திலேயே உள்ள வாண்டர் ப்ளூக் பேக்கரியிலும் கிடைக்கும். திருவிழா நாளில் 11 மணிக்கு மேல் வரிசை தெருவில் நீளும், அதனால்தான் ஒன்பதரைக்கே போகச் சொன்னேன். வீட்டுக்கு வாங்குவதையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பாதாம், முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

பொஃபர்ச்சஸ் என்று ஒன்று கண்ணெதிரே சுட்டுத் தருவார்கள். அந்தக் கல்லைப் பார்த்ததும் என் மாமியார் "அட, நம்ம பணியாரக்கல்லு!" என்று நின்றுவிட்டார். குழி குழியான அதே கல், அதே மாதிரி குச்சியால் திருப்பிப் போடுவது. மேலே வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் தூவுவார்கள். மாவில் முட்டை இருக்கும்.

இனி ஏமாறும் இடங்கள். பேக்கரியில் வெஜிடபிள் பப்ஸ் மாதிரியே ஒன்று நீளமாக அடுக்கியிருக்கும், அதற்குள் இருப்பது இறைச்சி. டச்சு பட்டாணி சூப் என்று பலகை இருந்தால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதைப் பன்றி இறைச்சி போட்டுத்தான் காய்ச்சுவார்கள். பெல்லா பலோனி என்று வளையமாகத் தொங்குவதும் இறைச்சியே. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொன்றிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

முட்டையும் சேர்க்காதவர்களுக்குத் தெருக்கடைகளில் அதிகம் கிடைக்காது. எலுமிச்சை சாதம், புளியோதரை, சப்பாத்தி என்று கட்டிக்கொண்டு போங்கள். பூங்காப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம். தயிர்சாதம் என்றால் குளிர்ப்பெட்டி தேவை. தெருக்கடையில் விலைப்பலகையில் உள்ளதற்கு மேல் விற்பனை வரி சேரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 4 பேருக்கு ஒரு வேளை சிற்றுண்டியோடு எங்களுக்கு 50 டாலருக்குள் முடிந்தது, மதிய உணவு வீட்டில் இருந்து போனதால்.

8. உடை

மே முதல் வாரத்தில் காலை 8 டிகிரி செல்சியஸ், மதியம் 20 டிகிரி என்று இருக்கும். காற்று சேர்ந்தால் அதைவிடக் குளிரும். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர், மழைக்கோட்டு வேண்டும். கூட்டத்தில் குடை பின்னால் இருப்பவர்களை மறைக்கும். புடவை கட்டும் அம்மாக்கள் உள்ளே லெகிங்ஸும், காலுக்குச் சாக்ஸோடு ஷூவும் போட்டால் இரவுவரை தாங்குவார்கள்.

மே மாதம் இடிமழையும், டொர்னேடோ என்ற சுழல்காற்றும் வரும் காலம். போனில் வானிலை எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். "வாட்ச்" என்றால் வர வாய்ப்பு இருக்கிறது, "வார்னிங்" என்றால் வந்துகொண்டிருக்கிறது. சைரன் ஒலித்தால் நாற்காலி, பை எதையும் பார்க்காமல் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய், ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் நில்லுங்கள்.

9. இன்னொரு நாள் இருந்தால்

அந்த நாள் ஞாயிறாக இருக்க வேண்டாம். பெல்லா தேவாலயத்துக்குப் போகும் ஊர், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. புதன் மாலை வந்து வியாழன் திருவிழா, வெள்ளி ஏரி என்று வைத்தால் சரியாக இருக்கும்.

ரெட் ராக் ஏரி, ஊரில் இருந்து சில மைல்தான். அயோவாவிலேயே பெரியது. அணைக்கட்டை ஒட்டி நடக்கலாம், ஊரில் இருந்து ஏரிவரை சைக்கிள் பாதையும் உண்டு. கார்டோவா பூங்காவில் 100 அடிக்கு மேல் உயரமான பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. நாணயம் போட்டால்தான் அதன் வழி திறக்கும், கால் டாலர் நாணயங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும்தான். ஏரியோரம் கூடாரம் போட நினைப்பவர்கள் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்யலாம்.

10. மே மாதம் முடியாமல் போனால்

பெற்றோர் ஜூனில்தான் வருகிறார்கள் என்றால் வருத்தப்பட வேண்டாம். காற்றாலை, குளோக்கன்ஸ்பெல், பேக்கரி, ஏரி எல்லாம் கோடையிலும் உண்டு, ஒரு வாரநாளில் அரை நாளில் முடித்துவிடலாம்.

ஆகஸ்டில் பக்கத்து ஊரான நாக்ஸ்வில்லில் ஸ்பிரின்ட் கார் பந்தயத்தின் பெரிய போட்டியான நாக்ஸ்வில் நேஷனல்ஸ் நடக்கும். அரை மைல் மண் பாதையில் கார்கள் சீறும் சத்தம் மிக அதிகம். குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடும் கவசம் இல்லாமல் போகாதீர்கள். பந்தயத்தில் விருப்பம் இல்லாதவர்களும் அந்த வாரத் தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள், சுற்றுவட்டாரத்தில் அறை கிடைக்காது.

நவம்பர் பிற்பாதியில் சிண்டர்கிளாஸ் ஊர்வலம் நடக்கும், டச்சுக்காரர்களின் கிறிஸ்துமஸ் தாத்தா ஊருக்குள் வரும் நாள். மே மாதக் கூட்டத்தில் சிறு பங்குதான் வரும், நாற்காலி போட்டு இடம் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் அப்போது குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். குழந்தைகளுக்குக் கையுறை இரண்டு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.